நான் விறகு பொறுக்கப் போகவில்லை

என் பிள்ளைக்கு,

நீ போனை எடுக்காதபடியால் எழுதுகிறேன். அன்றைக்கு வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கொழுவாமல் வவுனியா பஸ் ஏறிப்போனாய். அதற்குப் பிறகு நான் எடுக்கும்போதெல்லாம் மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. கோபமாக இருக்கிறாய். இரு. கோபப்பட உனக்கு உரிமை உண்டு, பதில் சொல்ல எனக்கும் உண்டு. இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புகிறேன். கூடவே ஒரு பிரதியை, என் ஓட்டோவில் அடிக்கடி ஏறுகிற பத்திரிகைக்காரப் பிள்ளையிடமும் கொடுக்கப்போகிறேன். உன் பெயரையோ என் பெயரையோ போடமாட்டேன். ஆனால் எங்கள் வீட்டு விறாந்தையில் அன்றைக்கு நடந்த கதை இந்த வன்னியில் இன்னும் எத்தனையோ விறாந்தைகளில் நடக்கிற கதை. அங்கெல்லாம் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் குசினிக்குள் போகிற பெண்களும் இதை வாசிக்கட்டும்.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நீ விரும்பிக் கட்டப்போகிற பிள்ளையின் வீட்டார் நாள் பார்க்க ஒட்டுசுட்டானிலிருந்து வான் பிடித்து அக்கராயனுக்கு வந்தார்கள். பிள்ளையின் தாய், பெரியப்பா, லண்டனிலிருந்து லீவில் வந்திருந்த தாய்மாமன், இவ்வளவு பேரும்தான். அவர்கள் வருவதற்கு முதல்நாள் நீ என்னிடம் வந்து, பக்கத்தில் இருந்து, சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பேசுகிற குரலில் சொன்னாய்: "அம்மா, உங்கட காலைப் பற்றி நான் அவையிட்டை ஒரு கதை சொல்லி வச்சிருக்கிறன். மீள்குடியேறின காலத்தில விறகு பொறுக்கப் போகேக்க மிதிவெடியில பட்டதெண்டு. அவை கேட்டால் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ." நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உழுந்தை ஊறப்போட எழும்பிப் போனேன். நீ அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாய்.

அவர்கள் வந்தார்கள். வடை சாப்பிட்டார்கள். காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பெரியப்பா மட்டும் என் நடையைப் பார்த்துவிட்டு, "பாவம், விறகுக்குப் போய்ப் பட்ட பாடு" என்று உச்சுக்கொட்டினார். அதையும் விழுங்கினேன். பிறகுதான் லண்டன் மாமா போனில் ஏதோ செய்தியைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார், எங்கேயோ ஒரு நாட்டில் இனிமேல் பெண்பிள்ளைகளையும் சண்டைப் படைகளுக்கு எடுக்கப்போகிறார்களாம் என்று. அவ்வளவுதான், விறாந்தை முழுக்க ஆளாளுக்கு அபிப்பிராயம்.

"ஏலுமே பொம்பிளையளாலை?" என்று கேட்டது என் சொந்த அண்ணன், உன் மாமா. "ஏலுமோ ஏலாதோ அதை விடுங்கோ," என்றார் பெரியப்பா. "பிறகு வீட்டுக்கு உதவுமோ? எங்கட பக்கத்தில பாத்தனாங்கள்தானே. துவக்குத் தூக்கினவளவை இப்ப என்ன நிலைமையில இருக்கிறாளவை? ஆம்பிளை மாதிரி நடையும் கதையும். எந்த வீட்டுக்கு மருமகளா எடுக்கிறது?" லண்டன் மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. அவையள் எங்கட காவல் தெய்வங்கள். அங்கை நாங்கள் வருசா வருசம் விளக்குக் கொளுத்துறனாங்கள்" என்று கண்கலங்கினார்.

நான் தேத்தண்ணித் தட்டுடன் அவர்களுக்கு நடுவில் நின்றேன். அந்த விறாந்தையில் துவக்குத் தூக்கிய ஒரே ஆள் நான்தான். பெண்ணால் முடியுமா, பெண் கெட்டுப்போவாளா, பெண் தெய்வமா என்று அத்தனை பேரும் தீர்ப்புச் சொல்கிறார்கள், சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து தேத்தண்ணி எடுக்கிறார்கள். நீ என்னைப் பார்த்தாய். பேசாதே என்று உன் கண் கெஞ்சியது. நான் தட்டை மேசையில் வைத்தேன். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"தம்பி," என்று லண்டன் மாமாவிடம் கேட்டேன், "அந்தத் தெய்வங்களில கொஞ்சப் பேர் இன்னும் சாகாமல் இருக்கினம். அவையளுக்கும் பிள்ளையள் இருக்கு. உங்கட மகனுக்குப் பொம்பிளை பாக்கிறதெண்டு சொன்னியள். அவையின்ர வீட்டில எடுப்பியளோ?" அவர் போனைப் பார்த்தார். போனில் ஒன்றுமில்லை. பிறகு பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணை, நான் விறகு பொறுக்கப் போய்க் காலை விடேல்லை. காயப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரேக்க விட்டனான். நீங்கள் சொல்லுற அவளவையில நானும் ஒருத்தி."

அவர்கள் மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. "நாங்கள் வெளிக்கிடுறம்" என்று பெரியப்பா எழும்பினார். வான் போன பிறகு நீ என்னிடம் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "ஒரு நாள், அம்மா. ஒரேயொரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்."

முடியாது, மகனே. அதைத்தான் உனக்கு விளக்க வேண்டும்.

நீ கட்டிய கதையை யோசித்துப் பார். இரண்டு கதையிலும் மிதிவெடி ஒன்றுதான், போன கால் ஒன்றுதான். விறகுக்குப் போய்க் காலை இழந்த பெண்ணுக்கு இந்த ஊர் கதிரை போட்டு உட்காரச் சொல்லும். போர்முனையில் காலை இழந்த பெண்ணைக் கண்டால் அதே ஊர் தன் மகளை உள்ளே கூப்பிடும். விறகுக்குப் போனவளைப் பார்த்து இரக்கப்படலாம், அவள் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டாள். நான் அந்த இரக்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டவேண்டும் என்று நீ நினைத்தாய். நல்ல எண்ணத்தில்தான் நினைத்தாய் என்று தெரியும். என்னை விசாரிக்கப் புலனாய்வுக்காரர் வந்து போன நாட்களை நீ கண்டவன். உன் வேலைக்கும் பயம், கல்யாணத்துக்கும் பயம். உன் பயத்தை நான் விளையாட்டாக எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு என் வாழ்க்கையை மூடுதுணியாகத் தரமாட்டேன்.

நான் ஏன் போனேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேளாமலே சொல்கிறேன். மலையகத்தில் கலவரம் வந்தபோது என் அம்மாவும் அப்பாவும் கட்டிய துணியோடு இங்கே வந்து சேர்ந்தவர்கள். கொழுந்து பறித்த கையால் மற்றவர்களின் வயலில் களை பிடுங்கினார்கள். எங்களுக்கு இந்த ஊரில் வைத்திருந்த பெயர் உனக்குத் தெரியும், அதை இங்கே எழுதமாட்டேன். கிணற்றில் நாங்கள் வாளி போட்டால் முகம் சுளித்த வீடுகள் இருந்தன. இயக்கத்துக்குப் போன பிறகு, நீ எந்த ஊர் ஆள், உன் அப்பன் யார் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே போனேன் என்று சொன்னால் பொய். நாலு பக்கமும் குண்டு விழுந்துகொண்டிருந்தது, வீட்டுக்குள் இருந்தும் சாகத்தான் போகிறோம் என்றும் நினைத்தேன். பள்ளிக்கூடம் முடித்தவள், வளர்ந்தவள், யாரும் இழுக்காமல் என் காலால் நடந்து போனேன்.

எல்லோரும் அப்படிப் போகவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்வேன், கேட்கிறவர்களுக்கு நோகட்டும். கடைசிக் காலத்தில் தாய்மார் பின்னால் ஓடிவரப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் கண்டேன். ஒருத்தி, வெட்டிய தலைமயிரைக் கையில் பொத்திக்கொண்டு, சாப்பாட்டுக் கோப்பையைத் தொடாமல் இருந்தாள். "அக்கா, எப்ப வீட்டை விடுவினம்?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள். அவளைத் தெய்வம் என்று சொல்லி விளக்குக் கொளுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிகிறது. அவள் வீட்டுக்குப் போகக் கேட்ட பிள்ளை. அவளை அப்படியே நினைவு வைத்திருக்கட்டும்.

ஊரின் அபிப்பிராயம் என்பதை நான் நல்லாகப் பார்த்தவள். நாங்கள் வரிசையாகப் போகும்போது ரோட்டுக்கரையில் தேசிக்காய்த் தண்ணி கரைத்து வைத்துக்கொண்டு நின்றார்கள். எங்களைப் போல் பெண் உலகத்தில் இல்லை என்று மேடைகளில் கவிதை வாசித்தார்கள். சண்டை முடிந்து, ஆமியின் புனர்வாழ்வு முகாமில் வைத்திருந்துவிட்டு என்னை விட்டபோது, அதே ரோட்டில் அதே வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன. ஆண்பிள்ளை திரும்பி வந்தால், காயம் ஆறிவிட்டதா, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். நாங்கள் வந்தபோது, உள்ளே உனக்கு என்ன நடந்தது என்று கண்ணால் கேட்டார்கள். பதிலைத் தாங்களே எழுதியும் வைத்திருந்தார்கள். முகாமிலோ எங்களைத் திரும்பவும் பெண்ணாக்க வேண்டும் என்று தையலும் கேக் அலங்காரமும் படிப்பித்தார்கள். பொய்க்காலால் கிளச் மிதித்து, காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு குழிவிழுந்த ரோட்டில் வண்டி ஓடியவள் நான். என்னை உட்காரவைத்து, ஐசிங்கில் ரோசாப்பூ செய்யச் சொன்னார்கள். செய்தேன். பூ நல்லாகத்தான் வந்தது. வெளியே வந்து, கடன்பட்டு ஓட்டோ வாங்கினேன்.

முதலில் கிளிநொச்சிச் சந்தையடியில் என் ஓட்டோவில் ஒருவரும் ஏறவில்லை. பிறகு ஒரு தாய், மழைநாளில் வேறு வழியில்லாமல், பள்ளிக்கூடத்துக்குத் தன் மகளை ஏற்றிவிட்டாள். இப்போது காலையில் என் ஓட்டோவுக்குள் பிள்ளைகள் புளிமூட்டை மாதிரி. அந்தத் தாய்மாரில் பாதிப்பேர் பெரியப்பாவைப் போலத்தான் கதைப்பார்கள். தங்கள் பிள்ளைகளை மட்டும் என்னிடம் தருகிறார்கள். அந்த அபிப்பிராயத்தின் பெறுமதி எனக்கு அங்கேதான் விளங்கியது.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் துவக்கைத் தொட்டவரே இல்லை, மேசன் வேலை செய்தவர். எனக்குக் கால் போன பிறகுதான் என்னைக் கேட்டு வந்தார். அவருடைய அக்கா எல்லோருக்கும் முன்னால் கேட்டா, "இவள் நிண்டு சமைப்பாளோ?" என்று. "நான் சமைப்பன் அக்கா" என்றார் அவர். சமைத்தார். உனக்கு முதல் சோறு ஊட்டியதும் அந்தச் சாந்து பிடித்த கைதான். சண்டையின் கடைசியில், முல்லைத்தீவுக் கடற்கரையில் தறப்பாளுக்குக் கீழே நாங்கள் கிடந்தபோது, கஞ்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாளியோடு போனார். நீ அப்போது நாலாம் வகுப்புப் பிள்ளை. அவரைத் தேடிக்கொண்டு போனதும், பிறகு நான் உன் கண்ணை என் கையால் பொத்தியதும் உனக்கு நினைவிருக்கும்.

பெண்களைப் போர்முனைக்கு விடலாமா என்று விறாந்தையில் இருந்து கேட்கிறார்கள். எது போர்முனை? நான் காவலரணில் நின்று உயிரோடு வந்தேன். உன் அப்பா கஞ்சிக்கு வரிசையில் நின்று செத்தார். எங்கள் குசினிக்குள்ளும், பிள்ளைப்பேற்று வாட்டுக்குள்ளும், கோவிலுக்குள்ளும் சண்டை வந்தது. வரும்போது, இங்கே பெண்கள் இருக்கிறார்கள், வெளியே நிற்போம் என்று அது நிற்கவில்லை. நான் எந்தப் பெண்ணையும் துவக்குத் தூக்கச் சொல்லமாட்டேன். எந்த ஆணையும் சொல்லமாட்டேன். சண்டை வேண்டுமா என்று கேட்டால், முதல் ஆளாக எழும்பி வேண்டாம் என்று கத்துவேன். ஆனால் பெண்ணால் முடியுமா என்ற கேள்வியை என் முன்னால் வைத்து வாக்கெடுக்க வேண்டாம். முடிந்தது. முடித்துவிட்டு வந்துதான் தேத்தண்ணி ஊற்றினேன்.

நான் தூக்கிவந்த அந்தக் காயக்காரி உயிரோடு இருக்கிறாள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். நல்ல மனிதனைக் கட்டி, பிள்ளைகளைப் பெற்று, கடலோரமாக இருக்கிறாள். புருசனுக்கு மட்டும் தெரியும். வயிற்றில் இருக்கும் தழும்பை, சின்ன வயதில் ஒப்பரேசன் செய்தது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். வீட்டில் யாராவது பழைய கதை எடுத்தால் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவுவாளாம். போனமுறை என்னைச் சந்தையில் கண்டபோது, கூட மாமியார் நின்றதால், தெரியாத ஆள் மாதிரித் தாண்டிப் போனாள். தாண்டும்போது தன் விரலால் என் கையை ஒருமுறை தொட்டாள். அவளில் எனக்குக் கோபம் இல்லை, மகனே. அவளை அப்படிப் போகவைத்தவர்களில்தான் கோபம். நீயும் அவர்களோடு போய் நிற்கிறாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆறாம் வகுப்பில் உன் வகுப்புப் பெடியன் ஒருவன், "உன்ர அம்மாவை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது" என்று பகிடி பண்ணியபோது நீ சட்டை கிழியச் சண்டை பிடித்துக்கொண்டு வந்தாய். "என்ர அம்மா லொறி ஓடினவா எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாய். அந்தச் சட்டையை நான்தான் தைத்துத் தந்தேன், முகாமில் பழகிய தையலால். அந்தப் பிள்ளை எந்த இடத்தில் இறங்கிப்போனான் என்று யோசிக்கிறேன்.

இனி நீ அறியாத விசயத்துக்கு வருகிறேன். நீ போன அடுத்த கிழமை, வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. நீ கட்டப்போகிற கௌசி. தனியாக வந்திருந்தாள். இந்தக் கடிதத்தில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது, ஏனென்றால் நான் அவளைக் கேட்டேன். "போடுங்கோ மாமி, நான் என்ன களவெடுத்தனானே?" என்றாள்.

உள்ளே வந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள். "உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?" இத்தனை வருசத்தில் ஒருவரும் என்னை அதைக் கேட்கவில்லை. தெய்வத்துக்குப் பயம் இருக்காது என்று ஒரு பகுதி நினைத்தது. எங்களுக்கு வெட்கமே இல்லை, பயம் எங்கே இருக்கப்போகிறது என்று மற்றப் பகுதி நினைத்தது. "பயந்தனான் பிள்ளை," என்றேன். "ஒவ்வொரு நாளும் பயந்தனான். பக்கத்தில நிண்ட பெடியளும்தான் பயந்தவை. நாங்கள் அழுதால் பொம்பிளை எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு நாங்கள் அழேல்லை. அவை அழுதவை."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தயங்கித் தயங்கி, "ஆரையும் சுட்டனீங்களோ?" என்று கேட்டாள். நீகூடக் கேட்காத கேள்வி. "ஓம், சுட்டனான். ஆரில பட்டதெண்டு தெரியாது. இருட்டுக்குள்ள நிண்டு சுட்டது. அந்தத் தெரியாதது இண்டைக்கும் என்னோட கிடக்கு. தெற்கில எங்கையோ ஒரு தாய் என்னால அழுதிருப்பா. அவாவிட்டை நான் என்ன சொல்லுறது எண்டு தெரியாது. அதைப் பெருமையா ஒருநாளும் சொன்னதில்லை, ஒளிக்கவும் மாட்டன்." அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

கடைசியில் சொன்னாள்: "மாமி, நீங்கள் ஆர் எண்டதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் என்னட்டைப் பொய் சொன்னதுதான் பிரச்சினை. பெத்த தாயை ஒளிச்சு வைக்கிற மனுசன் நாளைக்கு என்னையும் ஒளிப்பார்தானே. எனக்கு ஒரு நோய் வருத்தம் வந்தால், ஒரு பிள்ளை ஊனமாப் பிறந்தால், ஊருக்கு என்ன கதை சொல்லுவார்?"

நான் உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. உன் கோபமெல்லாம் நான் உன் கல்யாணத்தைக் குழப்பிவிட்டேன் என்று. குழம்பியது உன் பொய்யால்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேள். கௌசி தன் வீட்டுக்குப் போய்ப் பெரியப்பாவை வைத்துக்கொண்டே, கட்டினால் அந்த அம்மாவின் மகனைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். பெரியப்பா, தான் கல்யாணத்துக்குக் கால் வைக்கமாட்டேன் என்றாராம். தாய் இரண்டு நாள் யோசித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தா. "அக்கா, அண்டைக்கு நான் வாய் திறக்காமல் இருந்தது பிழை," என்றா. "எங்கட தங்கச்சியும் போனவள். அவள் திரும்பி வரேல்லை. கௌசியின்ர பெரியப்பா அவளவை எண்டு சொல்லேக்க எனக்கு நெஞ்சு வெடிச்சது. பேச ஏலேல்லை." அவ்வளவு காலமும் அந்த வீட்டில் அவளின் படம் அலுமாரிக்குள் இருந்ததாம். நாங்கள் இரண்டு பேரும் போனில் அழுதோம், பிறகு பஞ்சாங்கம் பார்த்தோம்.

தை மாதத்தில் நாள் வைத்தாயிற்று. கோவிலில் தாலி கட்டு, எங்கள் வளவில் சாப்பாடு. கௌசி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். நீ ஒட்டுசுட்டானுக்குப் போகவேண்டும். அவளுக்கும் அவளுடைய தாய்க்கும், வந்தால் பெரியப்பாவுக்கும் முன்னால், உன் அம்மா யார் என்று உன் வாயால் சொல்லவேண்டும். நான் கூட வரமாட்டேன், முதலே போன் எடுத்து வழி செய்துவைக்கவும் மாட்டேன். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தை இன்னொரு தரம் வாசி. ஆனால் கொண்டுபோய் வாசித்துக் காட்டாதே, மனதிலிருந்து சொல்.

கல்யாணத்தன்று நான் முன்வரிசையில் இருப்பேன். அந்தக் கடலோரத்துக்காரிக்கும் சொல்லியிருக்கிறேன், வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி, அவளுக்கு என் பக்கத்தில் ஒரு கதிரை போடுவேன். யாராவது வந்து, மாப்பிள்ளையின் அம்மா என்ன செய்தவா என்று கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன். அதைச் சொல்லவேண்டியவன் நீ.

பெண் சரி, தாய் சரி, சமையலுக்கு ஆள் சரி, பந்தலுக்கும் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை வருகிறாரா என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். போ.

உன் அம்மா.